கேள்வி கேட்காத ரூபாய்

1748இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த ஹ்யூ கிராஃபர்ட் என்ற வழக்கறிஞர், கிளாஸ்கோவில் இருந்த வணிகர் ஒருவருக்குத் தபாலில் இரண்டு இருபது பவுண்டு நோட்டுகளை அனுப்பினார். முன்ஜாக்கிரதைப் பேர்வழி. நோட்டுகளின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். அப்படியும் பணம் போய்ச் சேரவில்லை, வழியிலேயே காணாமல் போனது. பிறகு அவற்றில் ஒன்று ராயல் பேங்கின் பெட்டகத்தில் இருப்பது தெரியவந்தது. எண் பொருந்தியது, பெயரும் பொருந்தியது. என் நோட்டைக் கொடுங்கள் என்று கிராஃபர்ட் வழக்குத் தொடுத்தார்.

1749இல் தீர்ப்பு வந்தது. நோட்டு ஒரு காலத்தில் அவருடையதாக இருந்திருக்கலாம். ஆனாலும் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கைக்கு வரும் ஒவ்வொரு நோட்டின் பூர்வீகத்தையும் விசாரித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ஊரில் ஒரு வியாபாரமும் நடக்காது. பத்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்து நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. அங்கே தபால் கொள்ளையில் பறிபோன நோட்டு, சத்திரக்காரர் ஒருவர் கைக்கு நியாயமான வழியில் வந்திருந்தது.

திருட்டு சைக்கிளைத் தெரியாமல் வாங்கியவரிடமிருந்து போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போகலாம். திருட்டுப் பணம் நாலு கை மாறிப் பூக்காரம்மாவின் சுருக்குப்பைக்கு வந்துவிட்டால் அது பூக்காரம்மாவின் பணம். பணத்துக்கு மட்டும் உள்ள சலுகை இது. பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற பெங்க்ட் ஹோம்ஸ்ட்ராம், பணமாகப் புழங்கும் எதற்கும் உள்ள அடிப்படைக் குணமே ‘கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வது’தான் என்கிறார். யார் தந்தது, எங்கிருந்து வந்தது, எதற்காக என்று கேட்க ஆரம்பித்தால் அது பணமாக இருப்பது பாதி நின்றுபோகிறது.

டிஜிட்டல் டோக்கன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியும் செலவுக் குறைவைப் பற்றியும் பேசுகிறார்கள். அவை சின்ன விஷயங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர், ஒரு வரலாறு, வேண்டுமானால் ஒரு கட்டளை ஆகியவற்றை ஒட்டிவைக்க டோக்கனால் முடியும் என்பதுதான் பெரிய விஷயம். கிராஃபர்ட் நோட்டின் பின்பக்கத்தில் எழுதியதை இனி எல்லாக் காசிலும் எழுதலாம். எழுதினால் என்ன ஆகும்?

டோக்கன் என்றால் என்ன என்பதை ஹவாலாக்காரர்களைவிடச் சுருக்கமாக யாரும் விளக்க முடியாது. வெளிநாட்டில் ஒருவர் பணத்தைக் கட்டுகிறார். இங்கே வாங்க வேண்டியவரிடம் ஒரு பத்து ரூபாய் நோட்டு இருக்கிறது. அதன் வரிசை எண், பணம் தரப்போகிறவருக்குப் போனில் போய்ச் சேர்கிறது. நோட்டைக் காட்டினால், எண் ஒத்துப்போனால், சில லட்சங்கள் கைமாறும். நோட்டை அவர் வாங்கிக்கொள்வார்; அந்த நிமிடமே அது மறுபடியும் வெறும் பத்து ரூபாய். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் இருபது ரூபாய் நோட்டுகள் இப்படி வாக்காளர்களுக்கு டோக்கனாகத் தரப்பட்டதாகப் புகார் கிளம்பியது நினைவிருக்கலாம். சட்டத்தின் கதையை விடுங்கள். பொறியியல் மிகச் சுத்தம். வேறெதிலும் இல்லாத ஓர் எண், அந்த எண்ணுக்குப் பணம் தருவதாக ஒருவரின் வாக்கு, ஒருமுறை தந்தபின் எண்ணைச் செல்லாததாக்கும் ஏற்பாடு. இந்த மூன்றும் சேர்ந்தால் டோக்கன்.

நம் யுபிஐ இப்படிப்பட்டதல்ல. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் அனுப்பும்போது எந்தக் காசும் நகர்வதில்லை. ஒரு வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே பன்னிரண்டு குறைகிறது, இன்னொரு வங்கியின் பேரேட்டில் கடைக்காரர் பெயருக்கு எதிரே பன்னிரண்டு கூடுகிறது. கணக்கில் உள்ள பணம் என்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். டோக்கனோ தனியாக நிற்கும் பொருள். யார் கையில் இருக்கிறதோ அவருடையது.

கையில் இருப்பது என்பதுதான் கணினியில் சிக்கல். பத்து ரூபாய் நோட்டு ஒரே நேரத்தில் இரண்டு பைகளில் இருக்க முடியாது. ஆனால் எண்களாலான ஒரு கோப்பை நூறு பிரதி எடுக்க நொடிகூட ஆகாது. ஒரே டோக்கனை இரண்டு கடையில் கொடுப்பதை எப்படித் தடுப்பது? வங்கி ஒவ்வொரு எண்ணையும் பதிந்துவைத்துச் சரிபார்த்தால் போதும். ஆனால் அப்போது யார் எங்கே என்ன வாங்கினார்கள் என்பது முழுக்க வங்கிக்குத் தெரிந்துவிடும்.

இந்த முடிச்சை 1982இல் அவிழ்த்துக் காட்டியவர் டேவிட் சௌம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். அவருடைய வழியைக் கார்பன் தாள் ஒட்டிய உறையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு சீட்டில் நீங்களே ஏதோ ஓர் எண்ணை எழுதி, உட்புறம் கார்பன் ஒட்டிய உறையில் போட்டு மூடி, வங்கியிடம் கொடுக்கிறீர்கள். வங்கி உங்கள் கணக்கில் நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு உறையின்மேல் கையொப்பமிடுகிறது. கார்பன் வழியாகக் கையொப்பம் உள்ளே இருக்கும் சீட்டில் பதிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால் கையில் இருப்பது வங்கி கையொப்பமிட்ட சீட்டு. ஆனால் அதில் உள்ள எண்ணை வங்கி பார்த்ததே இல்லை. அதைக் கடையில் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் வங்கிக்கு அனுப்ப, கையொப்பம் தன்னுடையதுதான், இந்த எண் இதற்குமுன் வரவில்லை என்று வங்கி பார்த்துப் பணம் தருகிறது. இரண்டாம் முறை அதே எண் வந்தால் மறுத்துவிடும். ஏமாற்ற முடியாது, யாருக்குக் கொடுத்த சீட்டு என்று வங்கியால் கண்டுபிடிக்கவும் முடியாது. சௌம் உறைக்குப் பதில் பெரிய எண்களின் பெருக்கலைப் பயன்படுத்தினார்: சீட்டின் எண்ணை உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணியால் பெருக்கி மறைப்பது, கையொப்பம் வந்தபின் அந்தக் காரணியை வகுத்து நீக்குவது.

எனக்குத் தெரிந்து டிஜிட்டல் பணத்தின் வரலாற்றில் இதைவிட அழகான யோசனை இல்லை. அது தோற்றுப்போனது. சௌமின் டிஜிகேஷ் நிறுவனத்தோடு சேர்ந்து செயின்ட் லூயிஸ் நகரின் மார்க் ட்வைன் வங்கி 1995இல் இந்தக் காசை வெளியிட்டது. வாங்கியவர்கள் சொற்பம். மக்கள் கிரெடிட் கார்டு எண்ணை இணையத்தில் தட்டப் பழகிவிட்டார்கள். 1998இல் நிறுவனம் திவாலானது. அந்தரங்கம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம்; அதற்காகக் கூடுதலாக ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் தெரியும் சேதி.

பத்து ஆண்டுகள் கழித்து, 2008 அக்டோபர் 31இல், சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினை முன்மொழிந்து வந்த ஒன்பது பக்கக் கட்டுரை அதே முடிச்சை நேர் எதிர்த்திசையில் அவிழ்த்தது. வங்கியே வேண்டாம், எல்லாப் பரிமாற்றத்தையும் எல்லோரும் பார்க்கட்டும். ஒரே காசு இரண்டு இடத்துக்குப் போனால் உலகமே கண்டுபிடித்துவிடும். சௌம் எதை மறைக்கப் பாடுபட்டாரோ அதைப் பிட்காயின் நடுத்தெருவில் வைத்தது.

பிட்காயினுக்குள் எட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே ‘இருப்பு’ என்று ஒன்று பதிவாகவே இல்லை. இன்னும் செலவாகாத துண்டுகள்தான் இருக்கின்றன. உங்களிடம் 5 பிட்காயின் துண்டு ஒன்று இருந்து, 3 பிட்காயின் தர வேண்டும் என்றால் அந்த 5 முழுதாக அழிகிறது. 3 என்ற புதுத் துண்டு எதிராளிக்கும், கட்டணம் போக ஏறக்குறைய 2 என்ற இன்னொரு துண்டு சில்லறையாக உங்களுக்கும் பிறக்கின்றன. இரண்டுக்கும் தாய் அந்தப் பழைய துண்டு. இப்படிப் பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு துண்டின் வம்சாவளியும் அது முதன்முதலில் உருவான நாள்வரை, 2009 ஜனவரியில் தொடங்கிய அந்தப் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. பெயர்கள் இல்லை, முகவரி எண்கள் மட்டும். ஆனால் ஒரு முகவரி யாருடையது என்று தெரிந்துவிட்டால் மீதியை நூல்பிடித்துப் போய்விடலாம்.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்ற பரிவர்த்தனை நிலையத்திலிருந்து 1,19,754 பிட்காயின்கள் திருடப்பட்டன. திருடியவர்கள் அவற்றில் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்கில் தொடவே முடியவில்லை. கஜானாவைக் கொள்ளையடித்துவிட்டு மூட்டையோடு ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலைமை. அசைந்தால் எல்லோருக்கும் தெரியும். 2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு சுமார் 94,000 பிட்காயின்களைக் கைப்பற்றியபோது அவற்றின் மதிப்பு 360 கோடி டாலர். குற்றவாளியைப் பிடிக்க நல்ல ஏற்பாடு. ஆனால் 1749இன் தீர்ப்பு தந்த நிம்மதி இங்கே போய்விட்டது. வாங்குகிறவர் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு விசாரிக்க வேண்டும் என்பதற்கு 2022 ஆகஸ்டில் ஒரு கேலிக்கூத்தே நடந்தது. டோர்னாடோ கேஷ் என்ற மென்பொருள், ஈத்தர் என்ற இன்னொரு வகை டிஜிட்டல் காசுகளைக் கலக்கி அவற்றின் தடத்தை மறைப்பது. கள்ளப்பணத்தை வெளுக்க உதவுவதாகச் சொல்லி அமெரிக்கா அதற்குத் தடை விதித்தது. உடனே யாரோ ஒரு குறும்பர் அதிலிருந்து 0.1 ஈத்தர் வீதம் பிரபலங்களின் பகிரங்க முகவரிகளுக்கு அனுப்பிவைத்தார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலனுக்குக்கூடப் போனது. கேட்காமல் வந்த காசு, மறுக்கவும் வழியில்லை, ஆனால் தொட்டால் தீட்டு. சில நிதிச் சேவைகள் இப்படிக் காசு வந்து விழுந்த முகவரிகளையே முடக்கிவிட்டு, பிறகு விட்டன. தடை 2025 மார்ச்சில் விலக்கப்பட்டது.

காசின் வரலாறு கேள்வி எழுப்புவது ஒரு வகை. காசை வெளியிட்டவர் யார் என்ற கேள்வி இன்னும் பழையது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் தனியார் வங்கிகள் ஆளாளுக்கு நோட்டு அடித்தன. ஒரு டாலர் என்று அச்சிட்டிருந்தாலும், வெளியிட்ட வங்கி எத்தனை தொலைவில் இருக்கிறது, எவ்வளவு நம்பகமானது என்பதைப் பொறுத்து அது 98 சென்ட்டாகவோ 90 சென்ட்டாகவோ போகும். கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் எந்த வங்கி நோட்டுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பட்டியலிடும் பத்திரிகைகளை வைத்திருந்தார்கள்.

டாலரோடு கட்டிப்போட்ட ஸ்டேபிள்காயின்கள் அந்தப் பத்திரிகைகளின் தேவையை மீண்டும் உண்டாக்கிவிட்டன. ஒரு டோக்கனுக்கு ஒரு டாலர் வங்கியிலோ அரசுக் கடன் பத்திரத்திலோ இருக்கும் என்பதுதான் வாக்கு. டாலருக்குப் பதில் வேறொரு காசின் முட்டில் நிற்பதாகச் சொன்ன டெர்ரா என்ற ஸ்டேபிள்காயின் 2022 மேயில் சில நாட்களில் மண்ணானது. அதை விடுங்கள், அது ஆரம்பத்திலிருந்தே காற்றில் கட்டியது. ஒழுங்காகச் சேமிப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினுக்கு நடந்ததுதான் பாடம். 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் சுமார் 4,000 கோடி டாலர் சேமிப்பில் 330 கோடி அந்த வங்கியில் மாட்டிக்கொண்டது. மறுநாள் ஒரு டாலர் டோக்கன் 88 சென்ட்டுக்கும் கீழே போனது. ஞாயிறன்று அமெரிக்க அரசு, வைப்பாளர்கள் எல்லோருக்கும் முழுப்பணமும் கிடைக்கும் என்று அறிவித்த பிறகுதான் அது எழுந்தது. வங்கிகளுக்கு மாற்றாக வந்த டோக்கனை ஒரு வங்கி சாய்த்தது, அரசு தூக்கி நிறுத்தியது. 2025 ஜூலையில் அமெரிக்கா இதற்கென்று சட்டமே போட்டுவிட்டது: டோக்கனுக்கு ஈடாகப் பணமோ குறுகிய கால அரசுப் பத்திரமோதான் இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு டோக்கன் எதற்கு என்று கேட்டால், ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1974 ஜூன் 26இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கியை மாலையில் அதிகாரிகள் மூடினார்கள். அன்று அதனிடம் டாலர் வாங்குவதற்காக மற்ற வங்கிகள் ஜெர்மன் மார்க்குகளைக் கட்டிவிட்டிருந்தன. பதிலுக்கு வர வேண்டிய டாலர் நியூயார்க்கில் வர வேண்டும். அங்கே அப்போது காலை. மார்க் போய்விட்டது, டாலர் வரவில்லை. கொடுப்பதும் வாங்குவதும் வேறு வேறு பேரேடுகளில் வேறு வேறு நேரத்தில் நடப்பதால் வரும் இந்த இடைவெளிக்கு ‘ஹெர்ஸ்டாட் அபாயம்’ என்றே பெயர் வந்துவிட்டது. பணமும் பத்திரமும் ஒரே பேரேட்டில் டோக்கன்களாக இருந்தால், இரண்டும் ஒருசேர இடம் மாறும், அல்லது இரண்டுமே மாறாது, நடுவில் நிற்காது. உலக வங்கி 2018இல் பிளாக்செயின் எனப்படும் பகிரப்பட்ட பேரேட்டில் கடன் பத்திரம் வெளியிட்டதும், பிளாக்ராக் நிறுவனம் 2024இல் தன் நிதித் திட்டம் ஒன்றை டோக்கனாக்கியதும் இந்தத் திசையில்தான். பிட்காயின் விலையைப் பற்றி வரும் செய்திகளில் பத்தில் ஒரு பங்கு இதற்கு வருவதில்லை. வரும் காலத்தில் டோக்கன்கள் ஓசையில்லாமல் உண்மையில் மாற்றப்போவது இந்தப் பின்கட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

முன்கட்டில், அதாவது நம் சட்டைப் பையில், நம் ஊரிலேயே ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1இல் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயைச் சில நகரங்களில் தொடங்கியது. இது யுபிஐ அல்ல. காகித நோட்டைப் போல நேராக ரிசர்வ் வங்கியின் வாக்கு. நோட்டும் நாணயமும் வரும் அதே மதிப்புகளில் வாலட்டில் இருக்கும், வட்டி கிடையாது, வங்கி திவாலானாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. 2025 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்தது 1,016 கோடி ரூபாய். காகித நோட்டுகள் ஏறத்தாழ 37 லட்சம் கோடி. சமுத்திரத்தில் ஒரு குடம்கூட இல்லை. காரணம் எளிது: யுபிஐயில் மாதத்துக்கு 2,000 கோடிப் பரிமாற்றம் செய்யும் மக்களுக்கு, பணம் டோக்கனா கணக்கா என்பதில் அக்கறை இல்லை. ரிசர்வ் வங்கியின் வாக்கு மட்டும் எப்போதும் போதுவதுமில்லை. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த கடைகளும் பேருந்து நடத்துநர்களும் எத்தனை! பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018இல் அறிக்கை விட்டும் பல ஊர்களில் அது நடமாடவில்லை. அடுத்தவர் வாங்குவாரா என்ற சந்தேகத்தை வெளியிட்டவரின் கையெழுத்து மட்டும் தீர்ப்பதில்லை.

மக்கள் தாமாக வராதபோது, காகிதத்தால் செய்ய முடியாத ஒன்றைச் செய்து காட்டத் தோன்றும். அதுதான் கட்டளையிட்ட பணம். 2020 அக்டோபரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் குலுக்கலில் வென்ற 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டல் பணம் தரப்பட்டது. ஒரு வாரத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும். பணத்துக்குக் காலாவதித் தேதி! இங்கே 2021இல் வந்த இ-ருப்பி, இன்ன மருத்துவமனையில் இன்ன சிகிச்சைக்கு மட்டும் என்று எழுதிய மின்சீட்டு. அடுத்த படியாக, பாரத ஸ்டேட் வங்கி ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் குத்தகை விவசாயிகளுக்கு, விதை, உரம் போன்ற இடுபொருள்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும் டிஜிட்டல் ரூபாயில் கடன் கொடுத்துப் பார்த்தது.

இந்தக் கடைசி உதாரணத்தை எளிதில் திட்டிவிட முடியாது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் பட்டா இல்லை, பட்டா இல்லாமல் வங்கி கடன் தராது, கந்துவட்டிக்காரர் தருவார். பணம் உரக்கடைக்குத்தான் போகும் என்ற உறுதி இருந்தால் வங்கி துணிகிறது. அதாவது கட்டளை இல்லாவிட்டால் அந்தப் பணமே இல்லை. நம் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க்கடனில் ஒரு பகுதியை உரமாகவே தருவதும் இதே தர்க்கம்தான். ஆனால் உரமூட்டையை யாரும் பணம் என்று சொன்னதில்லை. இப்போது வாலட்டில் கிடப்பதும் ரூபாய், காந்தி படம் போட்டதும் ரூபாய். இன்று உரத்துக்கு என்று எழுதும் அதே வரியில் நாளை இன்ன மாவட்டத்தில் மட்டும், இன்ன தேதிக்குள், இன்னாருக்குக் கிடையாது என்றும் எழுதலாம். எழுதும் அதிகாரம் யாருக்கு, யாரிடம் போய் முறையிடுவது என்பதற்கு மென்பொருளில் விடை இல்லை. அது சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் முடிவாக வேண்டியது.

கட்டளையை மனிதர்கள் எப்படிச் சமாளிப்பார்கள் என்பதைக் கணிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டை நானூறுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள். அலுவலகங்களில் தரும் சாப்பாட்டுக் கூப்பனைக் கழிவு கொடுத்துக் காசாக்குவது ஊரறிந்தது. உரத்துக்கு மட்டும் செல்லும் பத்தாயிரம் ரூபாயை வைத்திருக்கும் விவசாயிக்கு மருத்துவச் செலவு வந்தால், உரக்கடைக்காரர் உர மூட்டைக்கு பில் போட்டு, மூட்டையைத் தராமல் ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார். ரூபாய்க்கு ரூபாய் விலை பிறந்துவிடும். அந்தப் பழைய அமெரிக்கக் கடைக்காரரின் பட்டியல் இங்கே செல்போனில் வாய்மொழியாக ஓடும். கழிவு நூற்றுக்குப் பத்தா, இரண்டா என்பதை வைத்து, கட்டளை எவ்வளவு இறுக்கம், விவசாயிக்கு எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் கணக்குப்போட்டுவிடலாம். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையில் அந்த எண் வராது. உரக்கடையில் விசாரித்தால் தெரியும்.